உயரப் பறக்கும் பறவைகளின் ஹீமோகுளோபின்: ஓர் அமினோ அமிலம் மாறும்போது நடப்பது

இமயத்தைக் கடந்து வலசை போகும் வரித்தலை வாத்தின் ஹீமோகுளோபினுக்கும் சமவெளியில் வாழும் அதன் உறவினங்களின் ஹீமோகுளோபினுக்கும் இடையே விரல்விட்டு எண்ணக்கூடிய அமினோ அமிலங்களே வேறுபடுகின்றன. இவ்வளவு சிறிய மாற்றம் ஆக்சிஜன் பிணைப்பை எப்படி மாற்ற முடியும், உயரமான இடங்களில் வாழும் மற்ற பறவைகளிலும் இதே மாற்றம்தான் நடந்திருக்கிறதா என்பதே கேள்வி. சுருக்கமான விடை இது: நன்கு ஆராயப்பட்ட சடுதிமாற்றங்களில் முதன்மையானவை ஆக்சிஜன் அமரும் இடத்தைத் தொடுவதே இல்லை, அங்கிருந்து தள்ளி, ஹீமோகுளோபினின் ஆக்சிஜனற்ற வடிவத்தைப் பிடித்து நிறுத்தும் ஏதோ ஒரு பிணைப்பைத் தளர்த்திவிடுகின்றன. மற்ற பறவைகளைப் பொறுத்தவரை, விளைவு பெரும்பாலும் ஒன்றாக இருக்கிறது, ஆனால் அதற்கு வழிவகுத்த மாற்றங்கள் பெரும்பாலும் வேறுவேறாக இருக்கின்றன. இவ்விரண்டையும் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும்.

ஹீமோகுளோபின் மூலக்கூறில் இரண்டு ஆல்ஃபா, இரண்டு பீட்டா என நான்கு புரதச் சங்கிலிகள் உள்ளன. ஒவ்வொரு சங்கிலியின் மடிப்புக்குள்ளும் ஒரு ஹீம் தொகுதியும் அதன் நடுவே ஓர் இரும்பு அணுவும் இருக்கின்றன. அந்த இரும்பில்தான் ஆக்சிஜன் பிணைகிறது. மூலக்கூறு முழுவதும் இரண்டு வடிவங்களுக்கு இடையே மாறிக்கொண்டிருக்கிறது. ஆக்சிஜன் இல்லாதபோது நான்கு சங்கிலிகளும் ஒன்றையொன்று பல பிணைப்புகளால் பற்றிக்கொண்டிருக்கும் இறுக்க நிலை மேலோங்குகிறது. அந்த நிலையில் இரும்புக்கு ஆக்சிஜன் மீதான நாட்டம் குறைவு. ஓரிரு ஆக்சிஜன் மூலக்கூறுகள் பிணைந்ததும் அந்தப் பிணைப்புகள் அறுந்து, சங்கிலிகள் சற்றே திரும்பித் தளர்வு நிலைக்குப் போகின்றன. அங்கு நாட்டம் பன்மடங்கு அதிகம். ஆக்சிஜனின் பகுதி அழுத்தத்துக்கு எதிராக, ஹீமோகுளோபின் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பதை வரைந்தால் நேர்கோடு வராமல் 'எஸ்' வடிவ வளைகோடு வருவதற்கு இந்தக் கூட்டுச் செயலே காரணம். அந்த வளைகோட்டில் பாதி ஹீமோகுளோபின் நிரம்பத் தேவைப்படும் அழுத்தத்தை பி-50 என்பார்கள். பி-50 குறைந்தால் நாட்டம் கூடியிருக்கிறது என்று பொருள். இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு குழம்புவோர் பலர் என்பதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

வரித்தலை வாத்தின் இரத்தத்துக்குப் பி-50 ஏறத்தாழ 30 மில்லிமீட்டர் பாதரசம். சமவெளியில் வாழும் அதன் உறவினமான கிரேலாக் வாத்துக்கு அது ஏறத்தாழ 40. இந்தப் பத்து மில்லிமீட்டர் வேறுபாட்டின் மதிப்பை ஒரு கணக்கு போட்டால்தான் உணர முடியும். கூட்டுச் செயலின் அளவைக் குறிக்கும் ஹில் எண்ணை இரண்டுக்கும் 2.8 என்றும், தசைகளிலிருந்து திரும்பும் சிரை இரத்தத்தின் ஆக்சிஜன் அழுத்தத்தை 20 மில்லிமீட்டர் என்றும் வைத்துக்கொள்வோம். கடல் மட்டத்தில், நுரையீரலை விட்டு வெளிவரும் இரத்தத்தில் அழுத்தம் 100 மில்லிமீட்டர் என்றால், பி-50 முப்பது உள்ள ஹீமோகுளோபின் 96.7 விழுக்காடு நிரம்பி, தசையில் 24.3 விழுக்காட்டுக்கு இறங்கி, ஏறத்தாழ 72 விழுக்காட்டை இறக்கிவைக்கிறது. பி-50 நாற்பது உள்ளதோ 92.9 விழுக்காடு நிரம்பி, 12.6 விழுக்காட்டுக்கு இறங்கி, ஏறத்தாழ 80 விழுக்காட்டை இறக்கிவைக்கிறது. ஆகவே சமவெளியில் நாட்டம் குறைந்த ஹீமோகுளோபினே சிறந்தது. இனி அதே பறவைகளை உயரத்துக்குக் கொண்டுபோய், நுரையீரலை விட்டு வரும் இரத்தத்தின் அழுத்தத்தை 40 மில்லிமீட்டராகக் குறைத்துப் பார்ப்போம். முதலாவது 69.1 விழுக்காடு நிரம்புகிறது. இரண்டாவது சரிபாதிதான் நிரம்புகிறது. தசையில் இறக்கிவைப்பது முறையே 45 விழுக்காடும் 37 விழுக்காடும் ஆகிவிடுகிறது. தரவரிசை அப்படியே புரண்டுவிட்டது.

உண்மையான உடலில் சிரை அழுத்தமும் உயரத்துக்கு ஏற்ப மாறும் என்பதால் இது எளிமைப்படுத்திய கணக்குதான். ஆனாலும் இதில் தெரியும் உண்மை அடிப்படையானது. ஆக்சிஜன் நாட்டம் கூடுவது தன்னளவில் ஒரு மேம்பாடு அன்று. நுரையீரலில் ஏற்றுவதையும் தசையில் இறக்குவதையும் ஒருசேர நடத்த வேண்டிய மூலக்கூறு, காற்று மெலியும்போது ஏற்றும் பக்கம் சற்றுச் சாய்வதால் பயன்பெறுகிறது, அவ்வளவே. சுமார் 5,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் பாதியாகிவிடுகிறது. செயற்கைக்கோள் கருவி பொருத்தப்பட்ட வரித்தலை வாத்துகள் பெரும்பாலும் அந்த உயரத்துக்குக் கீழேயே பறந்தாலும், 7,290 மீட்டர் வரை சென்றதும் பதிவாகியுள்ளது. மங்கோலியாவிலும் திபெத்தியப் பீடபூமியிலும் இனப்பெருக்கம் செய்து, குளிர்காலத்தை இந்தியத் துணைக்கண்டத்தின் தாழ்நிலங்களில் கழிக்கும் இந்தப் பறவைகளுக்கு, மலையேறும் மனிதர்களைப்போல் வாரக்கணக்கில் தங்கி உடலைப் பழக்கிக்கொள்ள நேரம் இல்லை. சமவெளியில் நீந்திக்கொண்டிருக்கும்போதே அவற்றின் சிவப்பணுக்களில் இருப்பது உயரத்துக்கு ஏற்ற ஹீமோகுளோபின்தான்.

அந்தச் சாய்வு எப்படி உண்டாகிறது? கொள்கையளவில் பல வழிகள் உண்டு. ஹீமைச் சுற்றியுள்ள பையின் அமைப்பை மாற்றலாம். இறுக்க நிலையை நிலைப்படுத்தும் பிணைப்புகளைக் குறைக்கலாம். சிவப்பணுக்களில் உள்ள சில சிறு மூலக்கூறுகள் ஹீமோகுளோபினுடன் ஒட்டிக்கொண்டு அதன் நாட்டத்தைக் குறைக்கின்றன. அந்த ஒட்டுதலை வலுவிழக்கச் செய்தாலும் நாட்டம் கூடும். மனிதரிடம் அந்தப் பணியைச் செய்வது 2,3-டிபிஜி. பறவைகளிடம் அதைவிட வலுவாக ஒட்டக்கூடிய இனோசிட்டால் பென்டாபாஸ்பேட். தூய ஹீமோகுளோபினைத் தனியே வைத்து அளந்த எண்கள் உயிருள்ள பறவைக்குப் பொருந்தாமல் போவதற்கு இதுவே காரணம். பாஸ்பேட்டும் குளோரைடும் சேர்ந்திருக்கும் நிலையில் அளந்த நாட்டமே சிவப்பணுவுக்குள் நடப்பதற்கு நெருக்கமானது. இதைக் கவனிக்காத ஒப்பீடுகளை நான் நம்புவதில்லை.

வரித்தலை வாத்தையும் கிரேலாக் வாத்தையும் ஒப்பிட்டால், வயதுவந்த பறவையின் முதன்மை ஹீமோகுளோபினில் நான்கு இடங்கள் வேறுபடுகின்றன. ஆல்ஃபா சங்கிலியில் 18, 63, 119 ஆகிய இடங்களும் பீட்டா சங்கிலியில் 125ஆவது இடமும் அவை. ஹீமோகுளோபினின் முப்பரிமாண அமைப்பைக் கண்டறிந்து 1962இல் நோபல் பரிசு பெற்ற மேக்ஸ் பெரூட்ஸ், 1983இல் இவற்றுள் ஒன்றைச் சுட்டிக்காட்டினார். ஆல்ஃபா 119இல் பெரும்பாலான பறவைகளுக்குப் புரோலின் இருக்கிறது. வரித்தலை வாத்துக்கு மட்டும் அலனின். புரோலினின் வளையம் எதிரே உள்ள பீட்டா சங்கிலியின் 55ஆவது இடத்து லியூசினைத் தொட்டுக்கொண்டிருக்கும். அலனின் அதைவிடச் சிறியது. அது வந்ததும் அங்கே இரண்டு கார்பன் அணுக்கள் கொள்ளக்கூடிய வெற்றிடம் உண்டாகிறது, ஒரு தொடுகை போய்விடுகிறது. அந்தத் தொடுகை இறுக்க நிலைக்கு வலு சேர்த்துக்கொண்டிருந்தது. அது போனதும் மூலக்கூறு தளர்வு நிலைக்கு எளிதாக நகர்கிறது, குறைந்த அழுத்தத்திலேயே ஆக்சிஜனைப் பற்றிக்கொள்கிறது என்பது அவருடைய விளக்கம்.

இந்த விளக்கத்துக்கு எதிர்பாராத வலு ஆண்டிஸ் மலையிலிருந்து வந்தது. அங்கு வாழும் ஆண்டிய வாத்து, பெயரளவில் ஒத்திருந்தாலும், வரித்தலை வாத்தின் நெருங்கிய உறவினம் அன்று. வேறொரு கிளையில் தோன்றியது. அதன் ஆல்ஃபா 119 மாறவில்லை. ஆனால் அதே தொடுகையின் மறுபக்கமான பீட்டா 55இல் லியூசினுக்குப் பதிலாகச் சிறிய செரின் வந்திருக்கிறது. இரு கண்டங்களில், இரு வேறு பரம்பரைகளில், கைகோத்து நின்ற இரண்டு அமினோ அமிலங்களில் இங்கே ஒன்றும் அங்கே மற்றொன்றுமாகச் சுருங்கி அதே இடைவெளியை உண்டாக்கியிருக்கின்றன. புரத வேதியியலில் இவ்வளவு தெளிவான எடுத்துக்காட்டுகள் அதிகம் கிடைப்பதில்லை. 1991இல் வெளிவந்த ஆய்வில், மனித ஹீமோகுளோபினில் ஆல்ஃபா 119ஐ அலனினாகவும், தனியே பீட்டா 55ஐச் செரினாகவும் மாற்றிச் சோதித்தபோது, இரண்டுமே ஆக்சிஜன் நாட்டத்தை உயர்த்தின.

இத்துடன் கதை முடிந்தது என்று பாடநூல்கள் விட்டுவிடுவதுண்டு. ஆனால் அந்தச் சோதனையில் ஒரு குறை இருந்தது: மாற்றத்தைப் புகுத்தியது மனித ஹீமோகுளோபினில். வாத்தின் மூதாதையிடம் அந்த மாற்றம் நிகழ்ந்தபோது சுற்றியிருந்த மற்ற அமினோ அமிலங்கள் வேறு. நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தின் ஜே ஸ்டார்ஸ், சந்திரசேகர் நடராஜன் ஆகியோர் அடங்கிய குழு 2018இல் இதை முறையாகச் சரிசெய்தது. வரித்தலை வாத்துக்கும் அதன் சமவெளி உறவினங்களுக்கும் பொதுவான மூதாதையின் ஹீமோகுளோபினைக் கணித்து உருவாக்கி, அங்கிருந்து இன்றைய வரித்தலை வாத்து வரையிலான பாதையில் சாத்தியமான இடைநிலைச் சேர்க்கைகள் அனைத்தையும் செய்து அளந்தார்கள். பெரிய விளைவுடைய ஒரு மாற்றம், எந்தச் சேர்க்கையில் வந்தாலும் நாட்டத்தைக் கூட்டியது. பெரூட்ஸ் சுட்டிய 119ஆவது இடம்தான் அது. அதற்கு முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் அமைப்பைப் பார்த்தே அவர் ஊகித்தது சரியாக இருந்தது.

எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது ஆல்ஃபா சங்கிலியின் மற்ற இரண்டு இடங்களின் கதை. ஆல்ஃபா 18, 63 ஆகியவற்றின் விளைவு சிறியது; எந்த வரிசையில் அவை வருகின்றன என்பதைப் பொறுத்து அது மாறவும் செய்தது. 63ஆவது இடத்தில் அலனினுக்குப் பதிலாக வாலின் வந்தபோது ஒரு தீங்கும் கூடவே வந்தது: இரும்பு தானாக ஆக்சிஜனேற்றமடையும் வேகம் கூடியது. இரும்பு அப்படி ஓர் எலக்ட்ரானை இழந்து ஃபெரிக் நிலைக்குப் போய்விட்டால் அந்த ஹீம் ஆக்சிஜனைப் பிணைக்கும் ஆற்றலையே இழந்துவிடும். அமினோ அமில வரிசையில் தொலைவில் இருந்தாலும் மடிந்த புரதத்தில் 63க்கு அருகே அமைந்திருக்கும் 18ஆவது இடத்தில் கிளைசின் செரினாக மாறியபோது அந்தத் தீங்கு முற்றிலும் ஈடுசெய்யப்பட்டது. ஆகவே உயர்மலைப் பறவையின் ஹீமோகுளோபினில் காணும் ஒவ்வொரு வேறுபாடும் ஆக்சிஜன் நாட்டத்தைக் கூட்டவே வந்தது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சில மாற்றங்கள் வேறொரு மாற்றம் விளைத்த கேட்டைச் சரிசெய்ய நிலைபெற்றிருக்கக்கூடும். வரிசைகளை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவருக்கு இது ஒருபோதும் புலப்படாது.

ஆண்டிஸ் மலையின் ஹம்மிங் பறவைகள் இன்னொரு செழுமையான சான்று. உடல் எடைக்கு ஒப்பிட்டால் முதுகெலும்பிகளிலேயே மிக அதிகமாக ஆக்சிஜனைச் செலவழிக்கும் உயிரினங்களுள் இவையும் அடங்கும். ஓரிடத்தில் நின்றபடியே சிறகடித்துத் தேன் குடிக்க வேண்டும், அதையும் காற்று மெலிந்த உயரத்தில் செய்ய வேண்டும். 2013இல் வெளியான ஆய்வு, ஒவ்வோர் இனமும் வாழும் உயரம் கூடக் கூட அதன் ஹீமோகுளோபினின் நாட்டமும் கூடுவதைக் காட்டியது. மேலே குடியேறிய கிளைகளில் நாட்டம் கூடியதோடு, தாழ்நிலக் கிளைகளில் நாட்டம் குறைந்ததும் இந்தத் தொடர்புக்குக் காரணமாக இருந்தது என்பது கவனிக்கத்தக்கது. சமவெளியில் நாட்டம் குறைந்த ஹீமோகுளோபினே நல்லது என்று மேலே போட்ட கணக்கோடு இது ஒத்துப்போகிறது. இந்த ஏற்ற இறக்கங்கள் பெரும்பாலும் பீட்டா சங்கிலியின் 13, 83 ஆகிய இரண்டே இடங்களில், கிளைசினும் செரினும் மாறிமாறி வந்ததால் நிகழ்ந்தவை. அந்த இரண்டு இடங்களும் ஒன்றன் விளைவை மற்றொன்று மாற்றக்கூடியவை.

ஹம்மிங் பறவைகளை மட்டும் பார்த்தால் பரிணாமம் ஒரே பாதையில்தான் திரும்பத் திரும்ப நடக்கிறது என்று தோன்றும். 2016இல் அதே ஆய்வாளர்கள் பார்வையை விரித்தார்கள். உயரத்தில் வாழும் ஓர் இனம், அதற்கு நெருங்கிய சமவெளி இனம் என 28 இணைகளை, அதாவது 56 பறவைக் குழுக்களை எடுத்து அளந்தபோது, உயரத்தில் வாழ்பவற்றுக்கு நாட்டம் கூடியிருப்பது தெளிவாகத் தெரிந்தது. ஆனால் அதற்குக் காரணமான மாற்றங்கள் பெரும்பாலும் இனத்துக்கு இனம் வேறுபட்டன. ஹம்மிங் பறவைகளுக்கும், மலர்களைத் துளைத்துத் தேன் எடுக்கும் ஒருவகைச் சிறு பறவைகளுக்கும் பீட்டா 83இல் செரின் வந்தது பொதுவாக இருந்தது. அதே செரினை, கணித்து உருவாக்கிய மிகப் பழைய மூதாதைப் பறவைகளின் ஹீமோகுளோபினில் புகுத்தியபோது நாட்டம் உயரவில்லை.

இந்த முடிவின் ஆழத்தை நின்று சிந்திக்க வேண்டும். ஓர் அமினோ அமிலத்தின் விளைவு அதற்குச் சொந்தமானது அன்று. அது அமரும் புரதத்தின் மற்ற பகுதிகளோடு சேர்ந்துதான் அந்த விளைவு பிறக்கிறது. ஒரு பரம்பரையில் காலப்போக்கில் சேர்ந்துவிட்ட மற்ற மாற்றங்கள், எந்தப் புதிய மாற்றம் பயன்தரும், எது வீணாகும், எது கேடு விளைக்கும் என்பதைத் தீர்மானித்துவிடுகின்றன. ஆக்சிஜன் நாட்டத்தைக் கூட்டக் கூடிய வழிகள் பல இருப்பதும், ஒவ்வொரு பரம்பரைக்கும் திறந்திருக்கும் வழிகள் வேறாக இருப்பதும் சேர்ந்தே, முடிவை முன்கூட்டிச் சொல்ல முடிந்தாலும் பாதையைச் சொல்ல முடியாத நிலையை உண்டாக்குகின்றன.

எந்த மாற்றம் பயன்படும் என்பதோடு, எந்த மாற்றம் முதலில் தோன்றும் என்பதும் ஒரு கேள்வி. ஆண்டிஸ் மலையின் வீட்டுக் குருவிச்சிட்டு என்று சொல்லத்தக்க 'ஹவுஸ் ரென்' பறவையில் பீட்டா 55ஆவது இடம், வாலினிலிருந்து ஐசோலியூசினாக மாறி நாட்டத்தைக் கூட்டியிருப்பதை 2015இல் கண்டார்கள். ஆண்டிய வாத்தில் மாறிய அதே இடம், ஆனால் வேறு அமினோ அமிலம். இந்த மாற்றம் நிகழ்ந்த டிஎன்ஏ பகுதியில் சைட்டோசினை அடுத்துக் குவானின் வருகிறது. அத்தகைய இடங்களில் சடுதிமாற்றம் இயல்பாகவே அதிக வேகத்தில் நிகழும். இயற்கைத் தேர்வு பயனுள்ளதைத் தேர்ந்தெடுக்கிறது என்பது உண்மைதான். ஆனால் எவை அடிக்கடி உருவாகின்றனவோ அவையே தேர்வுக்கு முன் வந்து நிற்கும் வாய்ப்பு அதிகம்.

பறவைகளுக்கு இன்னொரு வசதியும் உண்டு. பெரும்பாலான பறவைகளின் சிவப்பணுக்களில் இரண்டு வகை ஹீமோகுளோபின் இருக்கிறது: அளவில் மிகுந்த ஏ வகையும், அளவில் குறைந்த, ஆனால் நாட்டம் கூடிய டி வகையும். 1973 நவம்பர் 29ஆம் நாள் ஐவரி கோஸ்ட்டின் அபிஜான் நகருக்கு மேலே, ஏறத்தாழ 11,300 மீட்டர் உயரத்தில் விமானத்தோடு மோதிய ரூப்பெல் பிணந்தின்னிக் கழுகின் இனத்தில், படிப்படியாக வேறுபடும் நாட்டமுடைய நான்கு வகை ஹீமோகுளோபின்கள் கண்டறியப்பட்டுள்ளன. ஒவ்வோர் உயரத்திலும் ஏதேனும் ஒன்று திறம்படச் செயல்படும் என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கம்.

இவ்வளவு சொன்ன பிறகு ஓர் எச்சரிக்கையும் அவசியம். உயரத்தில் வாழ்வதாலேயே ஒரு பறவையின் ஹீமோகுளோபின் மாறியிருக்க வேண்டும் என்பதில்லை. கடலோரம் முதல் உயர்மலை வரை பரந்து வாழும் ஓர் ஆண்டியச் சிட்டுக்குருவி இனத்தில், உயரத்தில் வாழ்பவற்றுக்கும் தாழ்வில் வாழ்பவற்றுக்கும் ஹீமோகுளோபினின் செயல்பாட்டில் வேறுபாடு காணப்படவில்லை. அதேபோல், வரித்தலை வாத்தின் சாதனையை முழுக்க ஆல்ஃபா 119இன் கணக்கில் எழுதிவிடவும் முடியாது. அதன் பறப்புத் தசைகளில் நுண்குழாய்கள் அடர்த்தியாக உள்ளன. மைட்டோகாண்ட்ரியாக்கள் உயிரணுச் சவ்வை ஒட்டி, இரத்தத்துக்கு அருகே அமைந்திருக்கின்றன. அதன் இரத்தம் வெப்பநிலைக்கு மிகவும் உணர்வுள்ளது. குளிர்ந்த நுரையீரலில் நாட்டம் கூடுகிறது, சூடான தசையில் குறைகிறது. இதனால் நாட்டம் கூடிய ஹீமோகுளோபினின் முதன்மைக் குறையான, தசையில் இறக்கத் தயங்கும் தன்மை பெருமளவு தணிகிறது. காற்றுச் சுரங்கத்தில் பழக்கிப் பறக்கவிட்ட வரித்தலை வாத்துகள், ஆக்சிஜன் குறைந்த காற்றில் தம் வளர்சிதை மாற்ற வேகத்தைக் குறைத்துக்கொண்டே பறந்ததை 2019இல் வெளியான அளவீடுகள் காட்டின.

ஆண்டிய வாத்தையும் வரித்தலை வாத்தையும் உயிரோடு ஒப்பிட்டபோது கிடைத்த முடிவு இதற்கு இன்னும் தெளிவு சேர்க்கிறது. ஆக்சிஜன் குறையும்போது வரித்தலை வாத்து மூச்சின் அளவையும் இதயத் துடிப்பையும் வெகுவாக உயர்த்திச் சமாளிக்கிறது. ஆண்டு முழுவதும் மலையிலேயே வாழும் ஆண்டிய வாத்தோ மூச்சை அவ்வளவு கூட்டாமல், உள்ளே வந்த காற்றிலிருந்து அதிக விகிதத்தில் ஆக்சிஜனைப் பிரித்தெடுக்கிறது. ஹீமோகுளோபினில் ஒரே தொடுகையை இழந்த இந்த இரு பறவைகளும், அதனால் கிடைத்த கூடுதல் நாட்டத்தை இரு வேறு உடலியங்கு முறைகளுக்குள் பொருத்திக்கொண்டிருக்கின்றன. ஆகவே ஒரு சடுதிமாற்றம் ஆக்சிஜன் பிணைப்பை எவ்வளவு மாற்றுகிறது என்பதைச் சோதனைக் குழாயில் அளந்துவிடலாம். அந்த மாற்றம் பறவைக்கு எவ்வளவு பயன்படுகிறது என்பதை அறிய, அதன் நுரையீரலையும் இதயத்தையும் தசையையும் சேர்த்தே அளந்தாக வேண்டும்.